இறுவட்டு ஏற்க மறுப்பதன் வரலாறு

கணினித் திரையில் எவ்விதக் குறையுமின்றி ஓடும் வீடியோ கோப்பொன்றை டிவிடி இறுவட்டாக ஆக்க முற்படும்போது, அதற்குரிய மென்பொருள் அதனை ஏற்க மறுப்பதுண்டு. சில வேளைகளில் ஏற்றுக்கொண்டு, பின்னர் படத்தை ஒரு வேகத்திலும் ஒலியை இன்னொரு வேகத்திலும் ஓடவிடுவதுமுண்டு. கோப்பு பழுதாகிவிட்டது என்றே பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் கோப்பில் பழுது இருப்பதில்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக வகுக்கப்பட்ட நியமங்கள் அங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. அவற்றுள் மிகப் பழையது தொலைக்காட்சிக்கும் முந்தியது.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்சாரம் பரவத் தொடங்கியபோது, அமெரிக்காவில் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனம் செக்கனுக்கு 60 சுழற்சிகள் கொண்ட ஆடலோட்ட மின்சாரத்தைத் தெரிவு செய்தது. ஜேர்மனியில் ஏஈஜி நிறுவனம் 50 சுழற்சிகளைத் தெரிவு செய்தது. பிற்காலத்தில் தொலைக்காட்சியை உருவாக்கிய பொறியியலாளர்கள், மின்னோட்டத்தின் அதிர்வு திரையில் நெளியும் பட்டைகளாகத் தெரியாதிருக்க, படத்தின் வேகத்தை மின்சாரத்தின் வேகத்தோடு இணைத்தனர். இதனால் அமெரிக்காவில் செக்கனுக்கு 30 படங்களும் ஐரோப்பாவில் 25 படங்களும் என்று உலகம் இரண்டாகப் பிரிந்தது.

அமெரிக்காவின் என்டிஎஸ்சி நியமம் 1941 இல் 525 கோடுகளுடன் நடைமுறைக்கு வந்தது. 1953 இல் வண்ணம் சேர்க்கப்பட்டபோது, வண்ணச் சைகையும் ஒலிச் சைகையும் ஒன்றையொன்று குழப்பாதிருக்க 30 என்ற எண் 29.97 ஆகக் குறைக்கப்பட்டது. மேற்கு ஜேர்மனியில் டெலிபுங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த வோல்ற்றர் புரூக் உருவாக்கிய பால் முறையில், 625 கோடுகளும் 25 படங்களும் கொண்ட வண்ண ஒளிபரப்பு அந்நாட்டிலும் பிரித்தானியாவிலும் 1967 இல் ஆரம்பமாகியது.

இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் தொடங்கப்பட்டது. ஜப்பான் என்டிஎஸ்சி நாடு. ஆயினும் இலங்கை தெரிந்துகொண்டது பால் முறையையே. கனடாவோ என்டிஎஸ்சி பக்கம் நின்றது. கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு அனுப்பப்பட்ட கல்யாண வீடியோ நாடாக்கள் அங்குள்ள சாதாரண கருவிகளில் ஓட மறுத்ததன் காரணம் இதுவே.

நாடா போய் இறுவட்டு வந்தபோதும் இப்பிளவு ஒழியவில்லை. 1993 இல் வகுக்கப்பட்ட விசிடி, பாலுக்கு 352க்கு 288 புள்ளிகள், என்டிஎஸ்சிக்கு 352க்கு 240 என இரண்டு அளவுகளைக் கொண்டிருந்தது. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடியும் எம்பெக்-2 முறையில் அதே வழியைப் பின்பற்றியது. ஒன்று 720க்கு 576 புள்ளிகளும் 25 படங்களும். மற்றையது 720க்கு 480 புள்ளிகளும் 29.97 படங்களும்.

ஒலியின் கதை இன்னும் சுவையானது. 1982 இல் வெளிவந்த இசை இறுவட்டு, ஒலியைச் செக்கனுக்கு 44,100 தடவை அளந்து பதிகிறது. அக்காலத்தில் எண்ம ஒலி வீடியோ நாடாவிலேயே சேமிக்கப்பட்டது. 50, 60 என்ற இரண்டு தொலைக்காட்சி முறைகளுக்கும் பொருந்தும் எண்ணாக 44,100 அமைந்திருந்தது. டிவிடியோ 48,000 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது. பாடல் இறுவட்டிலிருந்து எடுத்த ஒலியை மாற்றாமல் டிவிடிக்குள் இட முடியாமைக்கு இதுவே காரணம்.

இவற்றோடு கோப்பின் பெயரும் ஏமாற்றுகிறது. மைக்ரோசொப்ட் 1992 இல் அறிமுகப்படுத்திய ஏவிஐ ஓர் உறை மாத்திரமே. உள்ளே எந்த முறையில் சுருக்கப்பட்ட படம் இருக்கின்றது என்பதை உறை சொல்வதில்லை. 1999 இல் பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் ரோட்டா, மைக்ரோசொப்டின் சுருக்க முறையொன்றை மாற்றியமைத்து டிவெக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார். இணையத்தில் பரவிய ஏராளமான ஏவிஐ கோப்புகளின் உள்ளே இருந்தது அதுவே. அதனை விரிக்கும் நிரல் கணினியில் இல்லையெனில் இறுவட்டு மென்பொருளுக்கு அக்கோப்பு புரியாத மொழியாகிவிடும். கைத்தொலைபேசிகளும் சிக்கலைக் கூட்டியுள்ளன. அவை பல வேளைகளில் படங்களைச் சீரற்ற வேகத்தில் பதிகின்றன. சீரான வேகத்தை மட்டும் அறிந்த டிவிடிக்கு மாற்றும்போது ஒலி விலகிச் செல்கிறது.

ஆகவே கோப்பொன்று மறுக்கப்பட்டால் நான்கு விடயங்களை வரிசையாகப் பார்ப்பது நன்று. உறைக்குள் இருக்கும் சுருக்க முறை எது? படங்களின் வேகம் என்ன, அது சீரானதா? புள்ளிகளின் அளவு என்ன? ஒலி 48,000 இல் உள்ளதா? 2000 ஆம் ஆண்டில் பப்ரிஸ் பெலார்ட் தொடக்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில், பால் டிவிடி அல்லது என்டிஎஸ்சி டிவிடி என்று இலக்கைக் குறித்தால், இந்நான்கையும் அதுவே பொருத்திக்கொள்ளும். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புவதாயின் என்டிஎஸ்சியைத் தெரிவு செய்ய வேண்டும். பால் நாடுகளின் டிவிடி கருவிகளிற் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கும். மறுபுறத்தில் அந்த உறுதி இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. ஒவ்வொரு மாற்றத்திலும் படம் சிறிது தேய்கிறது. தேய்ந்தது மீள்வதில்லை. போரினால் வீட்டையும் புகைப்பட அல்பங்களையும் இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, வெளிநாட்டு உறவினரிடம் தங்கிய வீடியோ நாடா ஒன்றே பெற்றோரின் முகத்தையும் குரலையும் காத்து வைத்திருக்கிறது. அதனைக் கணினிக்கு மாற்றிய முதற்கோப்பை அழித்துவிட்டு, டிவிடியை மட்டும் வைத்திருப்பது ஆபத்தானது. இறுவட்டும் காலத்தால் கெடுவது. அதனை வாசிக்கும் கருவி இல்லாத கணினிகளே இன்று பெரும்பாலும் விற்பனையாகின்றன. இறுவட்டைப் பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதற்கோப்பை மாற்றாமல், இரண்டு வெவ்வேறு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.