மாங்குளச் சமர்

இலங்கை உள்நாட்டுப் போரின்போது, வன்னியில் உள்ள மாங்குளம் என்ற சிற்றூரின் இராணுவ முகாமை 1990 நவம்பரில் தமிழீழ விடுதலைப் புலிகள் தாக்கிக் கைப்பற்றிய சண்டை.

கண்டி வீதி எனப்படும் ஏ-9 சாலையிலிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், மேற்கே துணுக்காய், மல்லாவிப் பக்கமும் சாலைகள் பிரிவது இங்கேதான். வடக்கு ரயில் பாதையில் ஒரு நிலையமும் உண்டு. மற்றபடி சில கடைகள், சுற்றிலும் பாலை மரக் காடு. அந்தச் சந்திக்காகவே ஊர் நான்கு முறை கைமாறியது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதும் வன்னி முகாம்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றுப் போயின. ஜூலை 11 அன்று, சற்று வடக்கே, தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காத்து நின்ற கொக்காவில் முகாம் வீழ்ந்தது. அடுத்தது மாங்குளம். நவம்பர் 22 அன்று தாக்குதல் தொடங்கியது. வெடிமருந்து ஏற்றிய லாரியைப் போர்க் என்ற கரும்புலி (புலிகளின் தற்கொலைப் படையாளி) முகாமை நோக்கி ஓட்டிச் சென்று வெடிக்க வைத்தார்; 1987-ல் நெல்லியடி இராணுவ முகாமில் மில்லர் என்ற கரும்புலி செய்ததும் இதுவே. முகாம் புலிகள் வசமானது.

ஏ-9 சாலையைத் திறக்க இராணுவம் 1997 மே மாதம் தொடங்கிய ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கை, மாங்குளத்தை எட்டவே ஓராண்டுக்கு மேல் போராடியது. 1998 செப்டம்பர் இறுதியில் இராணுவம் ஊரைப் பிடித்தது. அதே நாட்களில் கிளிநொச்சியை இழந்தது. 1999 நவம்பரில் ‘ஓயாத அலைகள் 3’ தாக்குதலில் ஊர் மீண்டும் புலிகளிடம் போனது. 2008 நவம்பர் 17 அன்று இராணுவம் கடைசியாக உள்ளே வந்தது.

போர் வரலாறுகள் முகாம்களையே எண்ணுகின்றன. குடிசைகளையும் எண்ண வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்த மலையகத் தமிழரில் பலருக்கு நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அவர்களைப் போலவே இலங்கைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்த வேறு பலர், 1977 வன்முறைக்குப் பின் பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போய்க் காடு திருத்திக் குடியேறினர். ஒரே மக்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, மறுபகுதியினர் இந்தப் போரின் நடுவில் மூட்டை முடிச்சுடன் ஓடினர். நீலகிரியில் எழுதப்படும் எந்த வரலாறும் அவர்களை விட்டுவிடக் கூடாது.

போர் முடிந்தும் சாலையோரக் காட்டில் மண்டையோடு வரைந்த ‘மிதிவெடி’ எச்சரிக்கைப் பலகைகள் பல ஆண்டுகள் நின்றன. 1990-ல் நின்ற ரயில், 2013 செப்டம்பர் 14 அன்று மாங்குளம் வழியாகக் கிளிநொச்சிக்கு மீண்டும் ஓடியது.