சேற்றில் உறங்கும் கிருமி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அணித்தே கப்பல்துறை என்றோர் ஊர் உண்டு. பெயரில் கடல் இருந்தாலும், அந்தப் பக்கத்து மக்களில் பெரும்பாலோரின் வாழ்வு வயலோடும் குளத்தோடும் பிணைந்தது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர் என்று விரியும் அந்த நெல்வயல்களில் மாரி தொடங்கியதும் உழவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்குவர்.

பத்திரிகையில் பணியாற்றிய நாள்களில், மாரிகாலத்தில் 'காய்ச்சலால் மரணம்' என்று நான்கு வரிச் செய்திகளை எத்தனையோ முறை பக்கத்தின் மூலையில் இட்டிருக்கிறேன். என்ன காய்ச்சல் என்று நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1911ஆம் ஆண்டு ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய உதவியாளரான சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளின்போது ஒரு புதிய நோயைக் கண்டனர். இறந்தவர்கள் ஏழைகள், பலர் மோர்பின் ஊசிக்கு அடிமையானவர்கள். நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க் கட்டிகள் நிறைந்திருந்தன. குதிரைகளுக்கு வரும் ஒரு நோயை அது ஒத்திருந்தாலும் கிருமி வேறு என்று நிறுவி, மறு ஆண்டே இருவரும் அதனை வெளியிட்டனர். உலகம் 'விட்மோர் நோய்' என்றது. நமக்கு நெருக்கமான அந்த இரண்டாவது பெயர் மறக்கப்பட்டது. 1921இல் ஸ்டான்டன், பிளெட்சர் ஆகியோர் கோலாலம்பூரிலிருந்து அதற்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டனர்.

இலங்கையில் இந்நோய் 1927இலேயே பதிவாகிவிட்டது. நோயாளி இங்கு வாழ்ந்த ஓர் ஐரோப்பியர். அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மருத்துவ ஏடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குறிப்புகளே. நோய் இல்லை என்பதா பொருள்? இல்லை, தேடுவார் இல்லை என்பதே பொருள்.

இதற்கிடையே மருந்துலகம் மாறியது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசியபோது பென்சிலின் அரிய பொருள். 1944க்குள் நேச நாட்டுப் படையினரின் காயங்களுக்கு அது தாராளமாகக் கிடைத்தது. ஆனால் மண்ணில் வாழும் இந்தக் கிருமி பென்சிலினுக்குப் பணிவதில்லை. பின்னர் வந்த அம்பிசிலினுக்கும், பெரும்பாலும் ஜென்டாமைசினுக்கும் பணிவதில்லை. மருந்துகளை அளவுமீறிப் பயன்படுத்தியதால் வந்த எதிர்ப்பன்று இது. கிருமியின் பிறவிக் குணம். அது இரத்தத்தில் பரவிய நோயாளிக்கு வழக்கமான ஊசியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தால், காத்திருக்கும் நேரமே உயிரைக் கொண்டுபோய்விடும்.

திருப்பம் தாய்லாந்தில் வந்தது. உபோன் ராச்சத்தானியில் நிக்கலஸ் வைட் குழுவினர் நடத்திய ஆய்வு 1989இல் 'லான்செற்' இதழில் வெளியானது. பழைய மருந்துக் கலவை பெற்ற கடும் நோயாளிகளில் 74 வீதத்தினர் இறந்தனர். செஃப்டசிடைம் பெற்றோரில் 37 வீதத்தினர். ஒரே ஒரு மருந்து மாற்றம் சாவைப் பாதியாக்கியது. இன்று செஃப்டசிடைம் அல்லது மெரொபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள்கள் நரம்பு வழியாகவும், பின்னர் கோட்ரைமொக்சசோல் மாத்திரை மூன்று மாதங்களேனும் தரப்படுகின்றன.

இலங்கையில் எனோகா கொரேயா, வசந்தி தேவநேசம் முதலிய நுண்ணுயிரியலாளர்கள் முறையாகத் தேடத் தொடங்கியபின், 2017க்குள் 200க்கும் மேற்பட்ட நோயாளிகள் உறுதிப்படுத்தப்பட்டனர். நீரிழிவு உள்ளவர்களுக்கே ஆபத்து மிகுதி. மழைக்காலத்தில் நோய் பெருகுகிறது.

இரத்தத்தில் கிருமியை வளர்த்து அடையாளம் காண இரண்டு மூன்று நாள்களேனும் ஆகும். சில ஆய்வுகூடங்களில் அது வேறு கிருமியெனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. காய்ச்சல் கண்ட எல்லோருக்கும் வலிய மருந்தைக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கொடுத்தால், நாளை வேறு கிருமிகள் அம்மருந்தையும் வெல்லக் கற்றுக்கொள்ளும். ஆகவே ஆளறிந்து கொடுக்க வேண்டும். நீரிழிவுள்ள உழவர் மாரியில் கடுங்காய்ச்சலோடு வந்தால், முதல் ஊசிக்கு முன்னரே இரத்தம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் உரிய மருந்தைத் தொடங்குவதே வழி. நோயாளியின் உறவினர் சொல்லவேண்டியவை இரண்டு: அவர் வயலில் இறங்கினார், அவருக்கு நீரிழிவு உண்டு.

கிருஷ்ணசாமி காலத்தில் இந்நோயை இறந்த உடலில்தான் அறிய முடிந்தது. மருந்து கைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பின்னும் அதே நிலையில் ஒருவர் இறந்தால், அதற்கு நான்கு வரிச் செய்தி போதாது.