கேளிக்கைப் பூங்காவில் வெடித்த குண்டு

காசு கொடுத்துப் பயத்தை வாங்கும் இடம் கேளிக்கைப் பூங்கா. அந்தப் பயம் மெய்யாகிவிட்டால்? அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் 1977இல் வெளியிட்ட ‘ரோலர் கோஸ்டர்’ படம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது.

தூர இருந்தே குண்டை வெடிக்கச் செய்யும் இளைஞன் ஒருவன், பூங்கா முதலாளிகளிடம் 10 லட்சம் டாலர் கேட்டு மிரட்டுகிறான். ராட்டினங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அதிகாரியாக ஜார்ஜ் சீகல் அவனைத் தேடி அலைகிறார். வில்லனுக்குப் படத்தில் பெயரே கிடையாது. கூட்டத்தில் நிற்கும் எவனும் அவனாக இருக்கலாம் என்பதே படத்தின் உண்மையான திகில். திரையரங்கையே அதிர வைக்க ‘சென்சரவுண்ட்’ என்னும் ஒலி முறையையும் சேர்த்தார்கள். அது வெறும் வேடிக்கைதான், கதைக்கு அது தேவைப்படவில்லை.

படத்தின் முதல் விபத்து, வர்ஜீனியா மாநிலத்தின் நோர்ஃபோக் நகரிலிருந்த ஓஷன் வியூ பூங்காவில் படமாக்கப்பட்டது. கதையில் தண்டவாளம் சிதறி வண்டிகள் கவிழ்ந்தன, பூங்கா நின்றது. ஆனால் 1978இல் அது நிரந்தரமாக மூடப்பட்டது. அடுத்த ஆண்டே, ‘ஓஷன் வியூ பூங்காவின் மரணம்’ என்ற பொருள்படும் தலைப்புகொண்ட தொலைக்காட்சிப் படத்துக்காக, அதே மர ரோலர் கோஸ்டரை மெய்யாகவே தகர்த்தார்கள். வெடி வைத்தும் அது லேசில் சாயவில்லை; மீண்டும் முயன்றுதான் வீழ்த்த முடிந்தது.