பொதுநன்மை நிறுமம்

பொதுநன்மை நிறுமம் என்பது, லாபம் ஈட்டுவதோடு சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நன்மை செய்வதையும் தன் சாசனத்திலேயே நோக்கமாக எழுதிவைத்துக்கொண்ட வணிக நிறுமம். அமெரிக்காவில் இதை ‘பெனிஃபிட் கார்ப்பரேஷன்’ என்பர். இது அறக்கட்டளை அன்று. ஈவுத்தொகை வழங்கலாம், பங்குச்சந்தையிலும் பட்டியலிடப்படலாம். வேறுபாடு இயக்குநர்களின் கடமையில் உள்ளது. பங்குதாரர் நலனோடு தொழிலாளர், வாடிக்கையாளர், வட்டார மக்கள், இயற்கைச் சூழல் ஆகியவற்றின் நலனையும் அவர்கள் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும்.

முன்வரலாறு

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாலமோ கால்வாயோ சுங்கச் சாலையோ அமைக்க நிறுமம் தொடங்கியவர்கள், பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றத்திடம் தனிச் சாசனம் பெற்றனர். செய்ய வேண்டிய பணியை அச்சாசனமே வரையறுத்தது. பின்னர் பொதுவான நிறுமச் சட்டங்கள் வந்தன; பதிவு செய்துகொண்டு, சட்டம் தடுக்காத எந்தத் தொழிலையும் நடத்தலாம் என்றானது. பொது நோக்கத்தைச் சொல்லித்தான் உரிமை பெற வேண்டும் என்ற நிலை மறைந்தது.

ஐரோப்பாவில் சிலர் உடைமையை மாற்றிப் பொது நோக்கத்தைக் காக்க வழி கண்டனர். ஜெர்மனியின் யேனா நகரில் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1889-இல் கார்ல் சைஸ் அறக்கட்டளையை நிறுவி, சைஸ் நுண்ணோக்கி ஆலையில் தமக்கிருந்த பங்கைப் பின்னர் அதற்கே கொடுத்தார். 1900-இல் அந்த ஆலையில் 8 மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது.

பங்குதாரர் முதன்மை

1916-இல் ஹென்றி ஃபோர்டு, கார் விலையைக் குறைத்து ஆலையை விரிவாக்கப் போவதாகச் சொல்லிச் சிறப்பு ஈவுத்தொகையை நிறுத்தினார். சிறுபான்மைப் பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் வழக்குத் தொடுத்தனர். வணிக நிறுமம் முதன்மையாகப் பங்குதாரர் லாபத்துக்கே நடத்தப்படுகிறது என்று 1919-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் கூறி, 1.9 கோடி டாலருக்கு மேல் ஈவுத்தொகை வழங்க ஆணையிட்டது. ஆனால் ஆலை விரிவாக்கத்தை அது தடுக்கவில்லை. 1970-இல் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று வாதிட்டது.

1980-களில் நிறுமங்களை வலிந்து கைப்பற்றும் போக்கு பரவியது. அதை எதிர்க்க இடம்தரும் வகையில், பங்குதாரர் அல்லாத பிறர் நலனையும் இயக்குநர்கள் கருதலாம் என்று பென்சில்வேனியா 1983-இல் சட்டம் இயற்றியது; பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இச்சட்டங்கள் பெரும்பாலும் ‘கருதலாம்’ என்றனவே தவிர ‘கருத வேண்டும்’ என்று சொல்லவில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் நிறுவனம் 2000-இல் யூனிலீவர் வசமானபோது, நிறுவனர்களின் கையைச் சட்டம் கட்டிப்போட்டதாகச் சீர்திருத்தவாதிகள் சுட்டினர். விற்காமலிருக்க அம்மாநிலச் சட்டத்திலேயே இடமிருந்தது என்று மறுத்த அறிஞர்களும் உண்டு.

புதிய சட்ட வடிவம்

2006-இல் ஜே கோயன் கில்பர்ட், பார்ட் ஹூலஹன், ஆண்ட்ரூ கஸாய் ஆகிய மூவரும் ‘பி லேப்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினர். முதல் இருவரும் கூடைப்பந்துக் காலணி நிறுவனம் ஒன்றை நடத்தி, அதை விற்றுவிட்டு வந்தவர்கள். சமூக, சூழல் செயல்பாட்டை மதிப்பிட்டு இவ்வமைப்பு ‘பி கார்ப்’ சான்றிதழ் வழங்குகிறது. சான்றிதழ் தனியார் அமைப்பு தருவது. பொதுநன்மை நிறுமம் என்பது அரசு ஏற்கும் சட்ட வடிவம். இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கருதப்படுகின்றன.

இவ்வடிவத்தை முதலில் ஏற்ற மாநிலம் மேரிலாந்து; ஆண்டு 2010. கலிஃபோர்னியாவின் சட்டம் 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததும் அங்கு முதலில் பதிந்துகொண்டது, மலையேற்ற உடைகளுக்குப் பெயர்பெற்ற படகோனியா. அமெரிக்கப் பெருநிறுமங்களில் பாதிக்கும் மேல் பதிவாகியுள்ள டெலவேர் 2013-இல் இணைந்தது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவ்வடிவம் உண்டு.

பிற நாடுகள்

பிரிட்டனில் 2005 முதல் உள்ள ‘சமுதாய நல நிறுவனம்’ தன் சொத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாதபடி பூட்டிவைக்கிறது. அமெரிக்க வடிவத்தில் இந்தப் பூட்டு இல்லை. இத்தாலி 2016 முதலும், கொலம்பியா 2018 முதலும் அமெரிக்க வடிவத்தைத் தழுவிய சட்டங்களைக் கொண்டுள்ளன. பிரான்ஸ் 2019-இல் ‘குறிக்கோள் நிறுவனம்’ என்ற வகையை உருவாக்கியது. 2020-இல் பால்பொருள் நிறுவனமான டனோன் பங்குதாரர்களின் பெருத்த ஆதரவோடு அவ்வடிவை ஏற்றது. ஓராண்டுக்குள், முதலீட்டாளர் சிலரின் நெருக்கடியால் அதன் தலைவர் இமானுவேல் ஃபேபர் பதவியிழந்தார்.

இந்தியாவில் இதற்கெனத் தனி வடிவம் இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, ஊழியர், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் இயக்குநர் கடமையில் சேர்க்கிறது. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டுவது உள்ளிட்ட வரம்புகளுள் ஒன்றைத் தொடும் நிறுமம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட 135-ஆம் பிரிவு கோருகிறது. முன்னது லாபம் ஈட்டும் முறையைத் தொடுகிறது; பின்னது ஈட்டிய லாபத்தில் ஒரு பங்கைக் கேட்கிறது.

மதிப்பீடு

சாசனத்தில் எழுதிய நோக்கம், பங்குகள் கைமாறினால் நிலைக்குமா என்பதே இவ்வடிவத்தின் தீராத கேள்வி. 2022-இல் படகோனியாவின் நிறுவனர் ஈவான் ஷுய்னார் குடும்பம், வாக்குரிமைப் பங்குகளை ஓர் அறப்பொறுப்பு அமைப்புக்கும், 98 விழுக்காடாக இருந்த வாக்குரிமையற்ற பங்குகளைச் சூழல் காப்பு அமைப்புக்கும் மாற்றியது. ஆபே சென்ற வழி இதற்கு நெருக்கமானது. அமெரிக்கச் சட்டங்களில் நோக்கத்தை மீறினால் வழக்குத் தொடுக்கும் உரிமை பெரும்பாலும் பங்குதாரருக்கும் நிறுமத்துக்குமே உண்டு. ஆலையில் வேலை செய்பவருக்கும் அதன் அருகே வசிப்பவருக்கும் அவ்வுரிமை பொதுவாக இல்லை.