தீர்மானப் புத்தகம் யார் கையில்? தமிழகக் கிராம ஊராட்சிகளின் முடிவெடுப்பு குறித்து

கிராம சபை கூடியதும் முதலில் கைக்கு வருவது ஒரு நோட்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே தினத்தன்று, தென்மாவட்ட ஊராட்சி ஒன்றின் கட்டட வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஊராட்சிச் செயலர் நீளமான பதிவேட்டைக் கொண்டுவந்து பெண்கள் பக்கம் நீட்டினார். வரிசை எண், பெயர், கையெழுத்து என்று மூன்று கட்டங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி தனியாக வந்தது. நோட்டு ஒரு சுற்று முடித்துத் திரும்பியபோது நூற்றுச் சொச்சம் பெயர்கள் ஏறியிருந்தன. கூட்டப்பொருள் ஒன்றுகூட அதுவரை வாசிக்கப்படவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் மூதாட்டி ஒருவர் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம், "எதுக்குத்தா இது?" என்றார். "வந்ததுக்குச் சாட்சி, அப்பத்தா" என்று பதில் வந்தது. அந்தப் பெயர்களுக்கு முன்னால் விடப்பட்டிருந்த வெற்றுப் பக்கங்களில் பிறகு என்ன எழுதப்பட்டது என்பதை அன்று கைநாட்டு வைத்தவர்கள் படித்திருக்க வழியில்லை.

அந்த வெற்றுப் பக்கங்களைப் பற்றியதுதான் இக்கட்டுரை. உள்ளாட்சி ஆய்வுகள் பெரும்பாலும் எவ்வளவு நிதி வந்தது, எத்தனை துறைகள் ஒப்படைக்கப்பட்டன என்று அளக்கின்றன. அந்தக் கணக்கு அவசியம். ஆனால் ஓர் அவை தன்னைத் தானே ஆள்கிறதா என்பதை அறிய, அதற்கும் கீழே இறங்கி மூன்று சிறிய எழுத்துவேலைகளைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். கூட்டத்தின் பொருளை எழுதுவது யார்? நடந்ததைப் பதிவது யார்? பணத்துக்கு ஒப்பமிடுவது யார்? தமிழகச் சட்டம் ஊருக்குப் பேச இடம் கொடுத்தது. பேனாவை மட்டும் வேறு கைகளில் விட்டுவைத்தது.

சட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. 2019, 2021 தேர்தல்களின்போது மாநிலத்தில் இருந்த 12,525 கிராம ஊராட்சிகளிலும் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத் தலைவர் ஆக்குகிறார்கள். இந்த அடுக்கில் கட்சிச் சின்னம் கிடையாது. ஊராட்சி மன்றத்துக்கு மேலாக, வாக்காளர் அனைவரையும் கொண்ட கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ஐயும் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1ஐயும் சேர்த்து அது ஆறாயிற்று. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நோட்டு முதலில் சுற்றுவதற்கு இந்தக் குறைவெண் வரம்புதான் காரணம். கூட்டம் செல்லுபடியாவதற்கான சான்று முதலில் எடுக்கப்படுகிறது, பேச்சு அதன்பிறகு.

இனி பொருள்நிரல். ஊரக வளர்ச்சி இயக்குநரகம் ஒவ்வொரு கிராம சபைக்கும் விவாதிக்க வேண்டிய பொருள்களைச் சுற்றறிக்கையாக அனுப்புகிறது. டெங்கு தடுப்பு, நெகிழி ஒழிப்பு, திட்டப் பயனாளிகள் பட்டியல், வரவு செலவு அறிக்கை என்று அது நீளும். இவற்றில் தேவையற்றது என்று ஒன்றையும் தள்ளிவிட முடியாது. ஆனால் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் ஒரே பட்டியலை வாசிக்கும்போது, தன் கண்மாய் மடை உடைந்ததைப் பேச வந்தவர் "இதர பொருள்கள்" வரும்வரை காத்திருக்கிறார். அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, கூட்டத்தில் பாதி எழுந்துவிடுகிறது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்ததற்காகவே பெரிதும் பேசப்படுகிறது. அங்கே கிராம சபை வார்டு அளவில் கூடுவதையும், வந்தவர்கள் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து தங்கள் தேவைகளைத் தாங்களே எழுதியதையும் நான் அதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன்.

ஊர் தானே பொருளை எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டியில் தமிழி எழுத்துக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. 2022 நவம்பரில் அது மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பர் 7 அன்று, அந்த ஊரின் நிலத்தையும் உள்ளடக்கிச் சுமார் 2,000 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. உள்ளாட்சிகள் தினக் கிராம சபை அந்த ஆண்டு நவம்பர் 23க்குத் தள்ளிப்போயிருந்தது. அன்று அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. மேலூர்ப் பகுதியிலிருந்து மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இது கிராம சபையின் வெற்றியா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஆனால் எந்த வகையில் வெற்றி என்பதில் கவனம் வேண்டும். அந்தத் தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், பாக்சைட் சுரங்கம் தங்கள் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையிலான பார்வையாளரின் முன்னிலையில் 12 ஊர்கள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. அந்த மறுப்பு, நடைமுறையின் ஓர் உறுப்பாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. தமிழகத்தில் பழங்குடியினருக்கான ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது. சமவெளி ஊர் ஒன்றின் தீர்மானம் ஆயிரக்கணக்கான கால்கள் கூடவே நடந்தால்தான் எடை பெறுகிறது. தெருவில் இறங்கும் பலம் இல்லாத ஊரின் தீர்மானம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் அலமாரியோடு நின்றுவிடுகிறது.

பதிவு பற்றிப் பேசும்போது உத்திரமேரூரைத் தவிர்க்க முடியாது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை மேடைகளில் மக்களாட்சியின் தொட்டில் என்பார்கள். முப்பது குடும்புகள், குடவோலை, விவரம் அறியாச் சிறுவன் எடுக்கும் ஓலை ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. அது வேதம் கற்ற, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடைய ஆண்களின் சபை என்பதை மறைத்துவிட்டு அதைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரச ஆணையோடு வந்த அதிகாரி ஒருவர் அந்த ஏற்பாட்டின்போது உடனிருந்ததையும் கல்வெட்டே சொல்கிறது. ஆகவே மேலிருந்து வரும் கண்காணிப்பும் இன்று முளைத்ததில்லை. நாம் கொள்ளத்தக்கது வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி ஓலைக்குத் தகுதியற்றவர்கள் என்று அந்தச் சபை தன் விதியைத் தானே எழுதிக்கொண்டது. எழுதியதைக் கூடும் இடத்தின் சுவரிலேயே வெட்டி வைத்தது. சபையில் உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தால் விதி கண்ணில் படும். நம் தீர்மான நோட்டுக்கு அந்தச் சுவரின் இயல்பு வாய்க்கவே இல்லை. கூட்டம் முடிந்தபின் எழுதப்படுகிறது, அலுவலகத்தில் வைக்கப்படுகிறது, அதிகாரி கேட்டால் மட்டும் வெளியே வருகிறது.

மூன்றாவது, ஒப்பம். இங்கேதான் சாதி முழு உருவில் வந்து நிற்கிறது. தலைவர் ஊராட்சியின் நிர்வாக அதிகாரி. ஆனால் ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 188ஆவது பிரிவு. ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கம். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் நிலைமை வேறு. அங்கே துணைத் தலைவர் பதவி ஆதிக்கச் சாதியின் கைக்குப் போவது எளிது. அவர் பேனாவைத் திறக்காவிட்டால் மோட்டார் பழுதுபார்த்த கூலி நிற்கிறது, தூய்மைக் காவலர் சம்பளம் நிற்கிறது, தெருவிளக்கு அணைகிறது. குடத்தோடு வந்து நிற்கும் ஊரின் கோபமோ தலைவர் வீட்டு வாசலுக்குத்தான் போகிறது. ஒதுக்கீடு நாற்காலியைத் தருகிறது, கூட்டு ஒப்பம் அதை முடக்கிவைக்கிறது. நாற்காலிகூடக் கிடைக்காத ஊரும் உண்டு. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தின்போது பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே பார்த்தது.

இதற்கு முந்தைய வரலாறு இன்னும் கொடியது. அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர்ப் பகுதியில்தான் மேலவளவு இருக்கிறது. அந்த ஊராட்சியின் பட்டியல் சாதித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தல் நடக்கவில்லை, அல்லது வென்றவர் உடனே பதவி விலகவைக்கப்பட்டார். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சி என்ற ஒரே காரணத்துக்காகப் பத்தாண்டுகள் அந்த ஊர்கள் தங்கள் மன்றத்தையே இழக்கத் தயாராக இருந்தன. 2006 அக்டோபரில்தான் அந்தப் பூட்டு உடைந்தது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. ஊர் என்பது ஒற்றை மனம் கொண்டதில்லை. ஊரிடம் பேனாவை முழுதாகக் கொடுத்தால் அது ஊரில் வலுத்தவனிடம் போய்ச் சேரும். அதனால்தான் மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளராக இருக்கிறார். துணைத் தலைவர் ஒப்பமிட மறுத்த ஊர்களில் வேறு ஏற்பாடு செய்து தலித் தலைவர்களைக் காத்ததும் அவருடைய அதிகாரம்தான். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். நான்கு ஊராட்சிகளில் தேர்தலை நடத்திக்காட்டியதும் மாவட்ட நிர்வாகமே.

ஆனால் அதே அதிகாரத்தின் மறுமுனையையும் பார்க்க வேண்டும். தலைவரை நீக்கும் முறையை 205ஆவது பிரிவு வகுக்கிறது. ஆட்சியர் விளக்கம் கேட்கிறார். வட்டாட்சியர் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிகிறார். அதைப் பரிசீலித்தபின் நீக்குவதா விடுவதா என்பது ஆட்சியரின் முடிவு. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவரை, மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் நீக்க முடிகிறது. வாக்களித்த கிராம சபையிடம் ஒரு வார்த்தை கேட்க அந்த நடைமுறையில் இடமே இல்லை. இதை அறிந்த தலைவர் யாருக்குப் பதில்சொல்லப் பழகுவார்? வாரத்தில் எத்தனை நாள் ஒன்றிய அலுவலகத்தில் காத்திருக்கிறார் என்பதை எந்தத் தலைவரிடம் கேட்டாலும் சொல்வார். செயலரும் பெயரளவில் ஊராட்சியின் ஊழியர், அன்றாடம் பதில்சொல்வது ஒன்றியத்துக்கு. பலவீனரைக் காக்கும் தலையீடு வேண்டும், அது இருக்கட்டும். பதிவை மக்களிடமிருந்து மறைத்துவைப்பதால் எந்தப் பலவீனரும் காக்கப்படுவதில்லை. கூட்டத்தில் என்ன எழுதப்பட்டது, எந்தச் செலவுச் சீட்டில் யார் ஒப்பமிட மறுத்தார் என்பது சுவரில் தொங்கினால் தரையில் உட்காரவைக்கப்பட்ட தலைவருக்குத்தான் முதல் பயன்.

மன்றமே இல்லாத காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. தொகுதி வரையறையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழகத்தில் 2016 அக்டோபரில் காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் 9,624 ஊராட்சிகளுக்கு மட்டும். எஞ்சிய ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர்வரை காத்திருந்தன. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். அரிட்டாபட்டியின் தீர்மானம் பலித்த ஜனவரி 23 அன்று, தீர்மானம் நிறைவேறியபோது இருந்த மன்றம் இல்லை. தனி அலுவலர் காலத்துத் தீர்மானப் புத்தகத்தில் மன்றத்தின் முடிவாக ஒரே ஒரு கையெழுத்து இருக்கிறது. முன்மொழிபவர், வழிமொழிபவர், மறுப்பவர் என்ற வரிகளுக்கு அங்கே வேலையில்லை.

சட்டத்தைப் பெரிதாகத் திருத்தாமலே செய்யக்கூடிய ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். கிராம சபையின் முதல் பொருளாக முந்தைய கூட்டத்தின் தீர்மானங்கள் வரிக்கு வரி உரக்க வாசிக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, யாரிடம் நிற்கிறது என்று சொல்லப்பட வேண்டும். அன்றைய தீர்மானங்கள் எழுதி முடித்து வாசிக்கப்பட்ட பிறகே வருகைப் பதிவு தவிர்த்த கையெழுத்து எதுவும் வாங்கப்பட வேண்டும். படி ஒன்று அன்று மாலையே ஊராட்சிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு மணி நேரமும் தெளிவான குரலும் போதும்.

நான் போயிருந்த மே தினக் கூட்டத்திலும் இதைக் கேட்டவர் இருந்தார். முதன்முறை வென்று வந்த வார்டு உறுப்பினர், பீடி சுற்றும் பெண். எழுந்து நின்று, "போன தடவை என்ன எழுதுனீங்கன்னு ஒருக்கா படிங்க சார்" என்றார். செயலர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "நோட்டு ஆடிட்டுக்குப் போயிருக்கும்மா. வந்ததும் சொல்றேன்." அவர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.