யாருடைய பயிற்சி படிப்பாகிறது?

இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கா. ஓர் இளைஞன் கடற்படையில் மருத்துவ உதவியாளனாகச் சேர்கிறான். காயத்துக்குக் கட்டுப்போடவும், ஊசி போடவும், ரத்தப்போக்கை நிறுத்தவும் அவனுக்குக் கற்றுத்தருகிறார்கள். ஓர் இளம்பெண் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் பள்ளியில் சேர்ந்து ஏறத்தாழ அதே வேலைகளைக் கற்கிறாள். போர் முடிந்தபின் இருவரும் கல்லூரி வாசலில் போய் நின்றால் யாருக்குக் கதவு எளிதாகத் திறந்திருக்கும்? செவிலியர் கல்வியின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் இந்தக் கேள்விக்கே வந்து சேர்கிறேன்.

முதலில் அவனை எடுத்துக்கொள்வோம். 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் 'ஜி.ஐ. பில்' என்று பெயர் பெற்றது. போரிலிருந்து திரும்பியவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் மாதச் செலவையும் அரசே ஏற்றது. சுமார் 22 லட்சம் பேர் அதன் உதவியால் கல்லூரிக்குப் போனார்கள்.

பணத்தோடு இன்னொன்றும் கிடைத்தது. ராணுவத்தில் கற்றதற்குக் கல்லூரியில் கிரெடிட். முதல் உலகப்போருக்குப் பிறகு பல கல்லூரிகள், சீருடை அணிந்திருந்ததற்காகவே கிரெடிட்டை வாரி வழங்கியிருந்தன. இம்முறை அப்படிச் செய்யக்கூடாது என்று 'அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன்' முடிவு செய்தது. ராணுவப் பயிற்சி வகுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எதற்கு எவ்வளவு கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைக்கும் கையேட்டை வெளியிட்டது. 1945இல் இதற்கென்றே தனி ஆணையமும் அமைத்தது. 'எங்கே கற்றாய்' என்பதை விட்டுவிட்டு 'என்ன கற்றாய்' என்று கேட்கும் ஏற்பாடு இது. நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது?

படையில் பணியாற்றிய சுமார் மூன்றரை லட்சம் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தியது. அவர்களில் 60,000க்கும் மேற்பட்டோர் அதைக்கொண்டு கல்லூரியில் படித்தார்கள். ராணுவச் செவிலியர்களும் அதில் உண்டு. என்றாலும் படைவீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 1939-40இல் கல்லூரி மாணவர்களில் 40 விழுக்காடாக இருந்த பெண்கள், 1949இல் 30 விழுக்காட்டுக்கும் கீழே போனார்கள்.

இனி அவள். போரால் ஏற்பட்ட செவிலியர் பற்றாக்குறையைச் சமாளிக்க, பிரான்சஸ் போல்டன் என்ற பெண் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 1943இல் நிறைவேறியது. 'கேடட் நர்ஸ் படை' உருவானது. கட்டணமில்லாப் பயிற்சி, கைச்செலவுக்குச் சிறு தொகை, சாம்பல் நிறச் சீருடை எல்லாம் தந்தார்கள். பதிலுக்குப் போர் முடியும்வரை செவிலியர் பணியில் இருப்பதாக அவர்கள் உறுதிமொழி ஏற்றார்கள். மூன்றாண்டுப் படிப்பு 30 மாதமாகச் சுருக்கப்பட்டது. சுமார் 1,24,000 பேர் படித்து முடித்தார்கள். செவிலியர்கள் போர்முனைக்குப் போய்விட, உள்நாட்டு மருத்துவமனைகளைப் பெருமளவு தாங்கிப் பிடித்தவர்கள் இந்த மாணவிகள்.

ஆனால் அந்தப் படை பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் இருந்தது, ராணுவமாகக் கருதப்படவில்லை. ஆகவே அவர்களுக்கு ஜி.ஐ. பில் இல்லை. மருத்துவமனைப் பள்ளியும் கல்லூரி அல்ல. பட்டம் படிக்கப்போன டிப்ளமோ செவிலியர்கள் பலர், கற்றதையே மறுபடி கற்க வேண்டியிருந்தது. வார்டில் அவர்கள் கழித்த இரவுகள் மருத்துவமனைக்கு மலிவான உழைப்பாயின. கல்லூரிக் கணக்கில் படிப்பாகவில்லை.

இந்த இருவரின் பாதைகளும் பின்னாளில் ஓரிடத்தில் சந்தித்தன. டியூக் பல்கலைக்கழகத்தில் 1950களின் இறுதியில், தெல்மா இங்கிள்ஸ் என்ற செவிலியர் பேராசிரியர், மருத்துவர் யூஜின் ஸ்டெட்டுடன் சேர்ந்து, அனுபவமுள்ள செவிலியர்களுக்கு உயர்நிலை மருத்துவப் பயிற்சி தரும் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். செவிலியர் கல்விக்கான தேசிய அமைப்பு அதற்கு அங்கீகாரம் தர மறுத்தது. பிறகு ஸ்டெட், கடற்படையில் பயிற்சி பெற்ற முன்னாள் மருத்துவ உதவியாளர்கள் பக்கம் திரும்பினார். 1965இல் அவர்களில் நான்கு பேரோடு தொடங்கிய வகுப்பிலிருந்துதான் 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்ற புதிய தொழில் பிறந்தது.

மறுத்தது செவிலியர்களின் சொந்த அமைப்பு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மருத்துவர்களின் பிடியிலிருந்து தங்கள் தொழிலை மீட்கப் போராடிக்கொண்டிருந்த பெண்களுக்கு, மருத்துவர் பாடம் நடத்தும் படிப்பின்மேல் ஐயம் வந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆண்களின் ராணுவப் பயிற்சி ஒரு புதிய தொழிலுக்கு அடித்தளமானது. அதே 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியர், ஹென்றி சில்வர் என்ற மருத்துவருடன் இணைந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கி வேறொரு வழி திறந்தார். அதே ஆண்டு அமெரிக்கச் செவிலியர் சங்கம், தொழில்முறைச் செவிலியருக்குக் குறைந்தபட்சத் தகுதி பட்டப்படிப்பே என்று அறிவித்தது. அன்றைய செவிலியர்களில் பெரும்பாலோர் டிப்ளமோ படித்தவர்கள். அவர்களுடைய பயிற்சியின் மதிப்பு ஓர் அறிக்கையில் இறங்கிப்போனது.

தமிழில் 'சேவை' என்ற சொல்லை ராணுவத்துக்கும் சொல்கிறோம், செவிலியருக்கும் சொல்கிறோம். ஒரு சேவை பட்டத்தில் வரவு வைக்கப்படுகிறது. இன்னொன்றுக்குப் பாராட்டுரை கிடைக்கிறது.

நம் நாட்டுக்கும் இந்தக் கணக்கு வந்துவிட்டது. 2022இல் அக்னிபத் திட்டத்தோடு ஒரு மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் அறிவிக்கப்பட்டது. இக்னோ வழங்கும் அந்தப் பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் பாதி, பணியில் பெறும் பயிற்சியிலிருந்தே வரும். வரவேற்கலாம். இப்போது நம்மூர்ச் செவிலியரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜி.என்.எம். மூன்றாண்டு. அதற்குமேல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டாண்டு. ஆக ஐந்தாண்டு. நேரடியாகச் சேர்ந்தால் பி.எஸ்சி. நர்சிங் நான்கே ஆண்டு. அவளுடைய மூன்றாண்டு, பல்கலைக்கழகத்தின் தராசில் இரண்டாண்டாகத்தான் நிற்கிறது. இடையில் வார்டில் பார்த்த வேலைக்கு எடையே இல்லை. என் சித்தி போஸ்ட் பேசிக் சேர்ந்தபோது வார்டு அனுபவம் பத்தாண்டு இருந்தது. அவர் சேர்ந்த வகுப்பு, அந்தப் பத்தாண்டு இல்லாதவர் சேரும் அதே வகுப்புதான்.

அனுபவத்தை அப்படியே பட்டமாக மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ராணுவப் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பாக எடுத்து ஆராய்ந்தார்களே, அந்தப் பொறுமையைக் கேட்கிறேன். அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் அரசே பயிற்சி அளித்த பெண்கள். அவர்கள் கற்றதைக் கிரெடிட்டாக எண்ண முடியாது என்று ஒரு பல்கலைக்கழகம் சொல்லுமானால், முதலில் எண்ணிப் பார்த்தீர்களா என்று நாம் கேட்கலாம்.