ஓசிக் காலைப் பலகாரம்

லண்டனிலோ பாரிஸிலோ பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேஜைக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வகை அறைக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் நாலைந்து வருஷம் காசு சேர்த்து, மனைவியோடு ஊர் பார்க்க வந்தவர். மற்றவர் மாதத்தில் பாதி நாள் கம்பெனிக் காரியமாக ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர். இந்தத் தடவை மட்டும் விடுமுறைக்காகக் குடும்பத்தோடு வந்திருக்கிறார். முதலாமவருக்குச் சமையற்கட்டுப் புகைபோக்கியைப் பார்த்த ஜன்னல் கிடைக்கிறது. இரண்டாமவர் தம் பெயரைச் சொல்கிறார். மேஜைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணின் முகம் மலர்கிறது. "தாங்கள் எங்கள் தங்க அங்கத்தினர் அல்லவா?" என்கிறாள். நதியைப் பார்த்த பெரிய அறையின் சாவி வெளியே வருகிறது. காலைப் பலகாரம் அவருக்கும் மனைவிக்கும் இலவசம். முதலாமவர் மறுநாள் காலையில் விலைப்பட்டியலைப் பிரித்துப் பார்க்கிறார். மெல்ல மூடி வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ரொட்டிக் கடை உண்டா என்று விசாரிக்கிறார்.

இது பணக்காரன், ஏழை என்ற பழைய கதை அல்ல. இரண்டாமவர் அந்தத் தங்கப் பதவியைத் தம் பணத்தில் சம்பாதிக்கவில்லை. வருஷம் முழுவதும் அவர் தங்கிய இரவுகளுக்கெல்லாம் கம்பெனி பணம் கொடுத்தது. புண்ணியம் மட்டும் அவர் பேரில் ஏறியது.

இம்மாதிரி சமாசாரத்துக்கு நம்மிடம் ஓர் அழகான சொல் இருக்கிறது: ஓசி. கிழக்கிந்தியக் கம்பெனி நாளில், கம்பெனி வேலையாகப் போகும் தபால் உறைமேல் அதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துக்களைப் போடுவார்களாம். அந்த உறைக்குக் கட்டணம் கிடையாது. அந்த எழுத்துக்களே தேய்ந்து 'ஓசி' ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, கதை பொருத்தமானது. கம்பெனி எழுத்துப் போட்ட உறைக்குள் மாமியாருக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூடப் போயிருக்காதா, என்ன?

உத்தியோகத்தின் பேரில் வந்த பிரயாண வசதியைச் சொந்தக் காரியத்துக்கு உபயோகிக்கலாமா? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வயது.

ரோமாபுரியில் அதற்கும் முந்தைய வழக்கம் வேறாக இருந்தது. இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் விருந்துறவு வைத்துக்கொள்ளும். அதற்கு அடையாளமாக ஒரு சின்ன வில்லை. இவரிடம் ஒன்று, அவரிடம் அதற்கு ஜோடியானது ஒன்று. இரண்டும் பொருந்தினால் வந்தவருக்கு அந்த வீட்டில் சாப்பாடும் படுக்கையும் உண்டு. உறவு பிள்ளைகளுக்கும் தொடரும். பிளாட்டஸ் என்ற நாடகாசிரியர் ஏறக்குறைய 2,200 வருஷங்களுக்கு முன் எழுதிய ஹாஸ்ய நாடகம் ஒன்றில், காணாமற் போன பெண்களைத் தேடிக் கார்த்தேஜிலிருந்து வரும் கிழவர் இப்படி ஒரு வில்லையைத்தான் எடுத்துக் காட்டுகிறார். அசோகவனத்தில் கணையாழி செய்த வேலையை அங்கே இந்த வில்லை செய்தது. இதில் ஒருவர் இன்னொருவருக்குக் கடன்பட்டவர் என்ற பேச்சு இல்லை. இன்று நான் உன் வீட்டில், நாளை நீ என் வீட்டில்.

அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்தில் சாம்ராஜ்யம் பெருத்துவிட்டது. சேதி போகவேண்டும், அதிகாரிகள் போகவேண்டும். ராஜபாட்டை நெடுக வண்டி மாற்றவும் இரவு தங்கவும் நிலையங்கள் ஏற்பட்டன. அவற்றை உபயோகிக்கச் சக்கரவர்த்தியின் அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டாக மடித்த ஏடு என்பதால் அதற்கு 'டிப்ளமா' என்று பெயர். இன்று காலேஜில் கொடுக்கிறார்களே, அந்த டிப்ளமாவுக்கு மூதாதை இதுதான். இதைக் காட்டினால் தங்க இடம் கிடைத்தது. சவாரிக்கு வண்டியும் கிடைத்தது.

யாருக்கு எவ்வளவு? இப்போது துருக்கியில் இருக்கும் சகலாஸஸ் என்ற பழைய ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திபேரியஸ் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்த புதிதில் அந்த மாகாணத்துக் கவர்னர் லத்தீனிலும் கிரேக்கத்திலும் வெட்டி வைத்த உத்தரவு. செனட் சபை அங்கத்தினருக்குப் பத்து வண்டி வரை. சக்கரவர்த்தியின் பணியில் இருக்கும் குதிரை வீரர் வகுப்புப் பிரபுவுக்கு மூன்று. நூற்றுவர் தலைவனுக்கு ஒன்று. வண்டிக்கும் கோவேறு கழுதைக்கும் வாடகை உண்டு. குறிப்பிட்ட உத்தியோகஸ்தர்களுக்குத் தங்குமிடம் மட்டும் இலவசம். இன்றைய ஹோட்டல்களின் வெள்ளி, தங்கம், வைரம் என்ற படிக்கட்டைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கல் அன்னியமாகத் தோன்றாது. அதிலே ஒரு வரி என் மனத்தைக் கவர்ந்தது. சொந்த லாபத்துக்கோ சொந்த உபயோகத்துக்கோ தானியம் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்பது அது. இப்படி ஓர் உத்தரவைக் கல்லில் வெட்ட நேர்ந்தது என்றால், எத்தனை பேர் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும்! சீட்டு சக்கரவர்த்தியுடையது, கோவேறு கழுதையோ ஊர்க்காரனுடையது. அவன் கத்தியதால்தான் கல்வெட்டே பிறந்தது.

சட்டம் சில சமயம் கடித்தும் இருக்கிறது. பெர்ட்டினாக்ஸ் என்ற இளம் படை அதிகாரி அனுமதிச் சீட்டு இல்லாமல் அரசாங்க வண்டியை உபயோகித்ததற்காக, அந்தியோக் நகரிலிருந்து தம் முகாம் வரை நடந்தே போகும்படி சிரியாவின் கவர்னர் உத்தரவிட்டாராம். அவரே பின்னால், 193-ஆம் ஆண்டில், ரோம சக்கரவர்த்தி ஆனார். 87 நாள் ஆண்டார். பிறகு சொந்தக் காவற்படையே அவரைக் கொன்றுவிட்டது. அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது பிளினியைப் பற்றி. அவர் சுமார் 110-ஆம் ஆண்டில் பிதினியா மாகாணத்துக்குக் கவர்னராகப் போனார். எதற்கெடுத்தாலும் டிராஜன் சக்கரவர்த்திக்குக் கடிதம் எழுதிக் கேட்கிற சுபாவம். தீயணைக்கும் படை வைக்கலாமா, கால்வாய் வெட்டலாமா என்றெல்லாம் கேட்பார். தேதி கடந்த அனுமதிச் சீட்டுகள் செல்லுமா, செல்லுமானால் எத்தனை நாள் என்றுகூட ஒரு தடவை கேட்டார். செல்லாது என்று டிராஜன் பளிச்சென்று பதில் எழுதினார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. தேவைப்படுவதற்கு முன்பே எல்லா மாகாணங்களுக்கும் புதுச் சீட்டுகளை அனுப்பிவிடுவதைத் தம் முதல் வேலைகளில் ஒன்றாக வைத்திருப்பதாகச் சொன்னார். வருஷ முடிவில் வாடிக்கைக்காரரின் புள்ளிகள் காலாவதியாகட்டும் என்று காத்திருக்கும் இன்றைய கம்பெனிகள் இந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

பிளினியின் மனைவி பெயர் கல்பூர்ணியா. கணவரோடு பிதினியாவில் இருந்தாள். இத்தாலியில் அவளுடைய தாத்தா இறந்துபோனார் என்று சேதி வந்தது. அவள் தன் அத்தையிடம் ஓடவேண்டும் என்று துடித்தாள். பிளினி ஓர் அனுமதிச் சீட்டை எடுத்து மனைவி கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு உட்கார்ந்து சக்கரவர்த்திக்கு எழுதினார். இதுவரை உங்கள் காரியத்துக்கு அன்றி வேறு எதற்கும் சீட்டுக் கொடுத்ததில்லை. இந்த ஒரு தடவை கொடுத்துவிட்டேன். இம்மாதிரி காரியத்தில் சீக்கிரம் போய்ச் சேர்வதில்தானே பலன் இருக்கிறது. உங்கள் அனுமதி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பதால் உங்கள் நல்ல மனத்தை நம்பினேன். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். நம்பியது சரியே என்று டிராஜன் பதில் எழுதினார். பிளினிக்கும் டிராஜனுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் கடைசிக் கடிதம் அந்தப் பதில்தான்.

தவறு என்று பார்த்தால் தவறு. ஆனால் யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார், சொல்லவேண்டிய இடத்தில் சொன்னார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இனி பலகாரத்துக்கு வருவோம். காலைப் பலகாரத்தைச் சலுகையாகக் கொடுக்கவேண்டுமானால், முதலில் அதை அறை வாடகையிலிருந்து பிரிக்கவேண்டும் அல்லவா? அமெரிக்க ஹோட்டல்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகு காலம் பிரிக்கவே இல்லை. அறை வாடகையிலேயே சாப்பாடும் அடக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து டிரெமான்ட் ஹவுஸில் தங்கினார். பெரிய கூடத்தில் எல்லாருக்கும் பொதுப் பந்தி. வேளை வந்துவிட்டது என்பதைக் காதைத் துளைக்கும் சேகண்டி அடித்துத் தெரிவிப்பார்கள். அவர் நயமாகப் பரிகாசம் செய்திருக்கிறார். அறைக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி என்பது ஐரோப்பிய ஏற்பாடு. இரண்டுக்கும் 'அமெரிக்கன் பிளான்', 'யூரோப்பியன் பிளான்' என்றே ஹோட்டல்காரர்களிடையே பெயர் நிலைத்துவிட்டது. பிரித்த பிறகுதான் பலகாரத்துக்கு விலை தெரிந்தது. விலை தெரிந்த பிறகுதான் அதை இலவசமாகக் கொடுத்துப் பெயர் வாங்க முடிந்தது.

இந்தக் காலத்தில் தாமஸ் குக் என்ற இங்கிலீஷ்காரர் செய்த காரியம் ஒன்று உண்டு. 1868-ஆம் ஆண்டில் அவர் ஹோட்டல் கூப்பன்களை வெளியிட்டார். லண்டனிலேயே பணம் கட்டிக் கூப்பன் வாங்கிக்கொண்டு, கண்டத்தில் கணக்குச் சேர்ந்த ஹோட்டலில் கொடுத்தால் அறையும் ஆகாரமும் கிடைக்கும். பாஷை தெரியாத ஊரில், நாணயம் புரியாத ஊரில், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரு கடைக் குமாஸ்தாவும் ஏமாறாமல் காப்பி குடித்தது இந்தக் கூப்பனால்தான். செனட்டர் பட்டமும் வேண்டாம், விருந்துறவு வில்லையும் வேண்டாம். பணம் கொடுத்தவருக்கே பலன், எல்லாருக்கும் ஒரே மாதிரி. எனக்கு இந்த நீண்ட சரித்திரத்தில் மிகவும் பிடித்த காகிதத் துண்டு அது. அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி 2019 செப்டம்பரில் மூழ்கியபோது சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பிரயாணிகள் வெளிநாடுகளில் இருந்தார்கள். அரசாங்கம் விமானம் அமர்த்தி அவர்களை அழைத்துவர வேண்டியதாயிற்று.

பிறகு வந்தது கம்ப்யூட்டர். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் விமானக் கட்டணங்களின் மேலிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. போட்டி மூண்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியார் தங்கள் முன்பதிவுக் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப வரும் டெலிபோன் நம்பர்களைத் தேடினார்கள். அடிக்கடி பறக்கிறவர் யார் என்று இப்படிக் கண்டுபிடித்து, 1981 மே மாதம் அவர்களுக்கு மைல் கணக்கு ஆரம்பித்தார்கள். ஹோட்டல்கள் சும்மா இருக்குமா? 1983-ஆம் ஆண்டில் ஹாலிடே இன்னும் அதே வருஷத்தில் மாரியட்டும் இறங்கின. 1987-இல் ஹில்டன் வந்தது. ஹாலிடே இன்னின் கதை வேடிக்கையானது. அதை ஆரம்பித்த கெம்மன்ஸ் வில்சன் 1951-இல் ஐந்து குழந்தைகளுடன் காரில் உல்லாசப் பிரயாணம் போனார். வழித் தங்குமிடங்களில் தலைக்கு ஒரு குழந்தை என்று தனிக் கட்டணம் பிடுங்கினார்கள். கோபத்தில் 1952-இல் மெம்பிஸில் தாமே ஒரு ஹோட்டல் கட்டிக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்றார். எந்தக் குழந்தைக்கும் இல்லை என்றார். பெற்றோர் முன்பு எத்தனை இரவு தங்கினார்கள் என்று கேட்கவில்லை. முப்பது வருஷம் கழித்து அதே ஹோட்டல்தான் இரவுகளை எண்ண ஆரம்பித்தது.

ஹோட்டல்காரருக்கு இதில் நஷ்டம் இல்லையா என்று கேட்கலாம். மாலையில் பூக்காரி கடைசி இரண்டு முழத்தை வாடிக்கைக்காரிக்குக் கொசுறாகக் கொடுக்கிறாளே, அதே கணக்கு. இன்றிரவு காலியாகக் கிடக்கும் பெரிய அறையை நாளை விற்க முடியாது. அதை அடிக்கடி வருகிறவருக்குக் கொடுத்தால், அவர் விட்ட சிறிய அறையை இன்னொருவருக்கு விற்கலாம். நூறு பேருக்குச் சமைத்த பலகாரத்தில் இன்னும் நாலு பேர் சாப்பிட்டால் கூடுதல் செலவு சொற்பம். ஆனால் சாப்பிட்டவர் மனத்தில் அதன் மதிப்பு விலைப்பட்டியலில் போட்ட விலை! பெரிய பெயர்ப்பலகை மாட்டிய ஹோட்டல்களில் பல, அந்தப் பெயருக்குரிய கம்பெனியின் சொத்து அல்ல. வேறு முதலாளி கட்டியவை. அட்டை கொடுப்பது கம்பெனி. முட்டை வாங்குவது கட்டட முதலாளி. சகலாஸஸ் ஊர்க்காரனின் கோவேறு கழுதை ஞாபகம் வருகிறதல்லவா?

சலுகை யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு தேசங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நேர் எதிரான பதில் சொல்லின. அமெரிக்க அரசாங்க ஊழியர்கள் சர்க்கார் பிரயாணத்தில் சேர்த்த மைல்களும் சலுகைகளும் சர்க்காருக்கே சொந்தம் என்றுதான் வெகு காலம் விதி இருந்தது. 2001 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், ஊழியரே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. மறு வருஷம் ஜெர்மனியில் தேர்தல் நெருங்கிய ஜூலை மாதத்தில், உத்தியோக விமானப் பயணத்தில் சேர்ந்த மைல்களை அரசியல்வாதிகள் சொந்தப் பிரயாணத்துக்கு உபயோகித்தார்கள் என்று 'பில்டு' பத்திரிகை அம்பலப்படுத்தியது. கிரெகோர் கீசி பெர்லின் மாநில மந்திரி பதவியை விட்டார். பதவிக்கு வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஜெம் ஓஸ்டெமிர் என்பவர், வேறொரு கடன் விவகாரமும் சேர்ந்துகொள்ள, கட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். பார்லிமெண்டு விதி அங்கே தெளிவாக இருந்தது: உத்தியோகத்தில் வந்த மைல் உத்தியோகத்துக்கே. கீசி மந்திரி பதவியை விட்டது ஜூலை 31-ஆம் தேதி. பத்திரிகை கேட்ட பிறகு வந்த வாக்குமூலம் அது. பிளினி கேட்காமலே எழுதினார்.

தனியார் கம்பெனிகளில் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் எழுப்புவதில்லை. வீட்டை விட்டு நூறு இரவு வெளியூரில் கிடந்தவருக்கு இதாவது கிடைக்கட்டும் என்று முதலாளி விட்டுவிடுகிறார். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. குழந்தையின் பிறந்த நாளை டெலிபோனில் கொண்டாடியவர், அந்தக் குழந்தையை ஒரு நாள் நதியைப் பார்த்த ஜன்னலருகே உட்காரவைத்து அப்பத்தில் தேன் ஊற்றிக் கொடுத்தால், அதைப் போய்க் குறை சொல்வானேன்? குறை வேறு இடத்தில். அந்த அப்பத்தின் விலையில் ஒரு பங்கை, ரொட்டிக் கடை எங்கே என்று விசாரித்தாரே, அவரும்தான் தம் அறை வாடகையில் கொடுத்திருக்கிறார்.

2021 ஜூலையில் ஹில்டன் கம்பெனியார் தங்க, வைர அங்கத்தினர்களுக்கு இலவசப் பலகாரம் கொடுத்துவந்த தங்கள் அமெரிக்க ஹோட்டல்களில் அதை நிறுத்தி, அதற்குப் பதிலாகத் தினசரி இவ்வளவு டாலர் என்று உணவுக் கணக்கில் வரவு வைத்தார்கள். பல ஊர்களில் அந்தத் தொகைக்கு முழுப் பலகாரம் வரவில்லை என்று அங்கத்தினர்கள் முணுமுணுத்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருந்த ஹோட்டல்களில் மட்டும் பழைய ஏற்பாட்டில் கைவைக்கவில்லை. ஆகவே அந்த வருஷம் சிகாகோவில் காப்பிக்கும் முட்டைக்கும் கணக்குப் பார்த்த அதே தங்க அட்டைக்காரர், கடல் தாண்டி வந்ததும், லண்டனில் தட்டை இரண்டாம் முறை நிரப்பிக்கொண்டார்.